ராம: ராமௌ ராமா: சொல்லிக் குடிபுகுந்த வீடு

காலையில் பிரஷர் மாத்திரை போட்டேனா இல்லையா என்பது பத்து மணிக்குள் எனக்கு மறந்துவிடுகிறது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு அதை வீடு முழுக்கத் தேடுகிறேன். ஆனால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ராம சப்தத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லிவிடுவேன். நம் வயதுக்காரர்கள் எல்லாருக்கும் இப்படி ஏதோ ஒன்று மண்டைக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். உங்களில் ஒருவருக்குப் பதினாறாம் வாய்ப்பாடாக இருக்கலாம், இன்னொருவருக்கு எப்போதோ காலி செய்துவிட்டு வந்த வீட்டின் கதவு எண்ணாக இருக்கலாம். எனக்கு இது.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ராம சப்தம் என்றால் சுலோகம் இல்லை, ஸ்தோத்திரம் இல்லை. சமஸ்கிருதம் படிக்க உட்காரும் பிள்ளைக்கு முதல் முதலாகக் கொடுக்கும் பாடம். 'ராம' என்கிற ஒரே சொல்லை எடுத்துக்கொண்டு ராமன், ராமனை, ராமனால், ராமனுக்கு என்று எட்டு வேற்றுமையிலும் உருட்டுவது. அதோடு விடமாட்டார்கள். ஒவ்வொன்றையும் ஒரு ராமன், இரண்டு ராமன், பல ராமன் என்று மூன்று தடவை மாற்ற வேண்டும். 'அ'வில் முடிகிற ஆண்பால் சொற்களுக்கெல்லாம் இதுதான் அச்சு. இதை மனப்பாடம் செய்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும் என்றார்கள். வரவில்லை என்பது வேறு விஷயம்.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தார். தகரத்தை அடித்து உருவம் எடுக்கும் மெஷின். வீட்டுக்கு வந்த பிறகும் அவருக்குக் காது மந்தமாகத்தான் இருக்கும், நாங்கள் எல்லாரும் கத்திப் பேசியே பழகினோம். தாத்தா காலம் வரை எங்கள் குடும்பம் திருமுல்லைவாயில் பக்கம் மற்றவர்கள் வயலில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பம். வயல்கள் மனையும் கம்பெனியுமாக மாறியபோது அப்பாவும் பெரியப்பாவும் சைக்கிளை எடுத்துக்கொண்டு எஸ்டேட்டுக்குப் போக ஆரம்பித்தார்கள்.

நான் ஆறாம் வகுப்புச் சேர்ந்த வருஷம் அப்பாவின் ஃபோர்மேன் டீக்கடையில் ஒரு யோசனை சொன்னார். பள்ளிக்கூடத்தில் தமிழுக்குப் பதில் சமஸ்கிருதம் எடுத்தால் மார்க்கை அள்ளலாம், கட்டுரை கிட்டுரை ஒன்றும் கிடையாது, மனப்பாடம் செய்து கக்கினால் போதும் என்றார். அப்பா அன்று சாயங்காலமே முடிவு செய்துவிட்டார்.

"அய்யருங்க பேசற பாஷையாச்சே, இதுக்கு வாயில நொழையுமா?" என்று அம்மா கேட்டாள்.

"ஏன், நம்ம பொண்ணுக்கு மட்டும் வாய் இல்லியா?" என்றார் அப்பா.

மார்க்கை நான் அள்ளத்தான் செய்தேன். அந்த மார்க் பின்னால் எனக்கு எங்கேயும் ஒரு நாற்காலி வாங்கித் தரவில்லை. ஃபோர்மேன் வாய் வார்த்தையாகச் சொன்னதை அப்பா வேதவாக்காக எடுத்துக்கொண்டால் அவர் என்ன செய்வார், பாவம்.

சமஸ்கிருத வகுப்பு மாடிப்படிக்குக் கீழே இருந்த பழைய சாமான் அறையில் நடந்தது. உடைந்த பெஞ்சும் மக்கிப்போன வாலிபால் வலையும் ஒரு மூலையில் கிடக்கும். மழை வந்தால் ஈரச் சாக்கு வாடை அடிக்கும். டீச்சர் கரும்பலகையில் கட்டம் போட்டு ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு ராமனை உட்கார வைத்தார். ராம: ராமௌ ராமா:. அடுத்த வரிசை கூப்பிடுகிற வரிசை, ஹே ராம ஹே ராமௌ ஹே ராமா:. அப்புறம் ராமம் ராமௌ ராமான். ராமேண ராமாப்யாம் ராமை:. சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு புள்ளிக்கு வாயிலிருந்து காற்று வரவேண்டும் என்பார். நாங்கள் காற்றை விட்ட விட்டில் முன் பெஞ்சில் சுண்ணாம்புத் தூள் பறக்கும்.

பக்கத்துப் பிரிவில் தமிழ் எடுத்த என் தோழிகள் ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று ஒரே மூச்சில் வேற்றுமையை முடித்துவிட்டுக் கோகோ ஆடப் போனார்கள். நான் மட்டும் ராமாப்யாமில் மாட்டிக்கொண்டு நின்றேன். அது மூன்று இடத்தில் ஒரே மாதிரி வரும். எதற்கு வேலை மெனக்கெட்டு மூன்று பெயர், ஒரே உருவம்? கேட்டால் டீச்சர், "கேக்காத, ஒப்பி" என்பார்.

எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது இரண்டு பேருக்கென்றே ஒரு தனி உருவம் இருந்ததுதான். தமிழில் ஒன்று இருக்கிறது, பல இருக்கிறது. இதில் நடுவில் இரண்டு. அந்த மழைக்காலம் முழுக்க நான் எதைப் பார்த்தாலும் இரண்டு இரண்டாக எண்ணிக்கொண்டு திரிந்தேன். என் சடை இரண்டு. ரயில் தண்டவாளம் இரண்டு. கிணற்றடியில் வாளி இரண்டு. அவற்றுக்கெல்லாம் தனியாக ஒரு மரியாதை வந்துவிட்ட மாதிரி இருந்தது.

அப்போது நாங்கள் அம்பத்தூரில் ஒரே வீட்டில் இரண்டு குடும்பமாகக் குடியிருந்தோம். இரண்டே அறை. ஒன்றில் அப்பா, அம்மா, நான். இன்னொன்றில் பெரியப்பாவும் பெரியம்மாவும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. சமையல் மட்டும் பொது. காலையில் அடுப்புப் பெரியம்மாவுடையது, ராத்திரி அடுப்பு அம்மாவுடையது. பெரியம்மா உமி அடுப்பைத் தட்டி மூட்டுகிற நேரத்தில் நான் பக்கத்தில் சாக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சத்தமாக ஒப்பிப்பேன். சத்தமாகச் சொல்லாவிட்டால் அப்பாவுக்குக் காதில் விழாது, படிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

ஒரு நாள் பெரியம்மா ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னாடி அது, நடுவுல ஒண்ணு வந்துகினே கீது, ராமவு ராமவுன்னு?"

"அது ரெண்டு பேருக்குப் பெரியம்மா. ரெண்டு ராமர் இருந்தா அப்படிச் சொல்லணும்."

"ரெண்டு பேருக்குன்னே தனியா வெச்சிக்கிறானா?"

"ஆமா. மூணு பேர் ஆயிட்டா வேற."

பெரியம்மா அடுப்பைப் பார்த்தபடி சிரித்தாள். "பரவால்லியே. அப்ப எங்களுக்கும் அதுல எடம் கீது."

அவளும் பெரியப்பாவும் என்று அவள் சொல்கிறாள் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. ராமருக்கும் இவளுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

தெருவில் மற்றவர்கள் வேறு மாதிரி கேட்டுக்கொண்டார்கள். ராமா ராமா என்று ஒரு சின்னப் பெண் விடியற்காலையில் கத்தினால் அவர்கள் என்ன செய்வார்கள், சாமி கும்பிடுகிறது என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். அதிலும் ஹே ராம என்று நான் இழுக்கும்போது பால்காரர் சைக்கிளை நிறுத்திக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போவார். அப்பாவுக்கே அது பாடமா பஜனையா என்பது நிச்சயமாகத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் ஆசைப்பட்டதாகவும் தெரியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் பெரியப்பா திருமுல்லைவாயிலில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் குடும்பத்தில் சொந்தச் செங்கல்லில் எழும்பிய முதல் வீடு. பெரியப்பா கட்டினார் என்று சொல்வது வாய்ப் பழக்கம். கொத்தனார் கட்டினார், பெரியம்மா வளர்த்தாள். எஸ்டேட்டில் ஒரு பேக்கிங் கம்பெனியில் அவளுக்கு அட்டைப்பெட்டி மடிக்கும் வேலை. அது முடிந்ததும் நேரே மனைக்குப் போய், பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இறைத்து, பூசின சுவருக்கெல்லாம் குடம் குடமாக ஊற்றுவாள். சுவர் தண்ணீர் குடிக்கிற சத்தம் ஒன்று உண்டு, உஸ்ஸென்று மெதுவாக. ஈரச் சிமெண்டு வாடையும் அந்தச் சத்தமும் எனக்கு அப்படிப் பிடிக்கும். லீவு நாளில் நானும் போய்விடுவேன். மணல் சலித்தது, கம்பி கட்டுகிறவருக்கு மோர் கலக்கிக் கொடுத்தது, செங்கல்லை இறக்கும்போது உடைந்ததைத் தனியாகப் பொறுக்கி வைத்தது எல்லாம் அவள்தான். பித்தளைக் குடம் ஒன்று வைத்திருந்தாள், கழுத்தில் சொட்டை விழுந்தது. அது இப்போது யாரிடம் இருக்கிறதோ, இரும்புக்கடைக்குத்தான் போயிருக்கும்.

வீடு முடிந்தது. தை மாதத்துக் கடைசி முகூர்த்தத்தில் குடிபோவது என்று ஆயிற்று. அதை விட்டால் சித்திரைதான். அதுவரை காத்திருக்க முடியாது, வாடகை வீட்டுக்காரர் தன் மகன் கல்யாணத்துக்காக மாசியில் காலி செய்யச் சொல்லிவிட்டார். புது வீட்டில் இப்போதைக்கு ஒரே அறைதான் என்பதால் எங்களுக்கு அம்பத்தூரிலேயே வேறு வீடு பார்த்தாகிவிட்டது. முதல் முறையாக இரண்டு அடுப்பு ஆகப்போகிறோம் என்று அம்மாவுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

நாங்கள் ஐயரை வைத்து எதையும் செய்கிற வழக்கம் இல்லாதவர்கள். பால் காய்ச்சிக் குடித்தால் முடிந்தது. ஆனால் பெரியப்பா இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் மந்திரம் ஓதி, ஹோமம் வளர்த்து, எல்லாரும் செய்கிற மாதிரி செய்ய வேண்டும் என்றார். அவர் அப்பா பெரிய வீடுகளின் வாசலுக்கு வெளியே நின்று கேட்ட மந்திரம் அது. அதை உள்ளே நின்று கேட்க வேண்டும் என்ற ஆசையை நான் எப்படித் தப்பு சொல்வேன்.

ஐயரைப் பேசி முடிக்கப் பெரியப்பாவும் பெரியம்மாவும் போனபோது நானும் ஒட்டிக்கொண்டு போனேன். ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டே எல்லாம் சொன்னார். எஜமானி நிறைகுடத்தை எடுத்துண்டு வலது காலை முன்னாடி வெச்சு உள்ள வரணும் என்றார். பெரியம்மா புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே கேட்டாள்.

"சாமி, கொழந்த இல்லாதவங்க அந்தக் கொடத்த எடுக்கலாமா?"

ஐயர் தலை தூக்காமல் பதில் சொன்னார். "வீடு யாருது? இவருது. இவர் ஆத்துக்காரி யாரு? நீங்க. அப்புறம் என்ன கேள்வி?"

திரும்பி வரும்போது பெரியம்மா பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டாள். எனக்கு வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கிக் கொடுத்துவிட்டு அவளே பாதியைத் தின்றுவிட்டாள்.

குடிபோகிற வெள்ளிக்கிழமை காலை. பனி விலகி வெயில் ஏறிவிட்டது. வாசலில் வாழைமரம், மாவிலை, குடத்துக்குள் தண்ணீர், மேலே தேங்காய். வீட்டுக்கு அடித்த சுண்ணாம்பின் வாடை தெரு முனை வரை வந்தது. எல்லாரும் வந்துவிட்டார்கள். ஐயர் மட்டும் வரவில்லை. நல்ல நாள் என்றால் ஒரு ஐயருக்கு நாலு வீடு, இவர் வானகரத்தில் ஒன்றை முடித்துவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தார். முகூர்த்தம் ஒன்பது மணியோடு முடிகிறது. பெரியப்பா தெரு முனைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார்.

திருமழிசையிலிருந்து அத்தை வந்திருந்தாள். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் அக்கா. சின்ன வயதிலேயே தாயைப் பறிகொடுத்த தம்பிகள் இரண்டு பேரையும் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக வளர்த்தவள். அவள் ஒன்று சொன்னால் இவர்கள் இரண்டு பேருக்கும் நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அவளைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். அன்று வரும்போது தலையில் ஒரு மூட்டை அரிசியும் கையில் இரண்டு பூசணிக்காயும் சுமந்துகொண்டுதான் வந்தாள்.

"நேரம் போய்கினே கீது நைனா," என்றாள் பெரியப்பாவிடம். "அய்யரு வர்ற மாரி தெர்ல. நம்ம வழக்கப்படி நடத்திடலாம். அஞ்சு பெத்தவ நான் கீறேன். நான் கொடத்த எடுத்துகினு உள்ள போறேன். அவ பின்னால வரட்டும்."

பெரியப்பா பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா கீழே குடத்தைப் பார்த்தாள்.

"அய்யரு என்னிய எடுக்க சொன்னாரு அண்ணி," என்றாள் மெதுவாக.

"சொன்னவரு வந்தாரா? அவரு வந்து மந்திரம் சொன்னா நீ எடு, நான் இன்னா வேணாம்னா சொல்றேன்? மந்திரம் இல்லாத ஊட்டுக்கு வயக்கந்தான். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். வெறும் வயிறு மொதல்ல நொழஞ்சா ஊடு தங்காதுன்னு நாளைக்கு நாலு பேரு சொல்வான்."

வெறும் வயிறு என்று சொன்னதும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அத்தை மேல் கோபம் வந்தது, இன்றைக்கும் அந்தச் சொல்லை நினைத்தால் வருகிறது. அந்தச் சுவர் ஒவ்வொன்றும் பெரியம்மா ஊற்றிய தண்ணீரைக் குடித்து எழுந்தது. அதற்குள் அவள் இரண்டாவது ஆளாக, யாரோ ஒருத்தி பின்னால் வருகிற மாதிரி வரப்போகிறாள். அத்தை குனிந்து குடத்தில் கை வைத்துவிட்டாள்.

அப்போதுதான் பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"மந்திரந்தானே வோணும்? இதோ நம்ம பொண்ணு கீதே, சமஸ்கிருதம் படிக்கிது. அது சொல்லும்."

பிறகு என் தோளைப் பிடித்து வாசற்படிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். "காலைல அடுப்பாண்ட சொல்லுவியே, அத்த சொல்லு. சத்தமா சொல்லு. நான் உள்ள போய் நிக்கிற வரிக்கும் நிறுத்தாத."

ஐயோ, பெரியம்மாவும் அதை மந்திரம் என்று நினைத்திருக்கிறாளே என்று எனக்குத் திக்கென்றது. அது வெறும் பாடம், எட்டு வேற்றுமை, என்று சொல்ல வாயெடுத்தேன். குடத்தை அவள் ஏற்கனவே அத்தை கையிலிருந்து வாங்கி இடுப்பில் வைத்துவிட்டாள். தேங்காயை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள். அதைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்வது? அதோடு உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு அந்த நிமிஷம் பயத்தைவிட ஆவல்தான் அதிகம். சொன்னால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும் போல் இருந்தது.

கையைக் கட்டிக்கொண்டு தொடங்கினேன். ராம: ராமௌ ராமா:.

தெருவே அடங்கிவிட்டது. ஹே ராம என்றதும் அப்பா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். பந்தலில் உட்கார்ந்து புகைத்துக்கொண்டிருந்த கொத்தனார் பீடியை மிதித்து அணைத்துவிட்டு எழுந்து நின்றார். தோளில் இருந்த துண்டுகள் எல்லாம் இடுப்புக்கு இறங்கின. ராமம் ராமௌ ராமான் என்கிறபோது அத்தையின் கைகளும் கூப்பிக்கொண்டன. சமஸ்கிருதம் நடக்கும்போது குறுக்கே பேசக்கூடாது என்பது யாரும் சொல்லிக் கொடுக்காமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவள் ஒரு எட்டு விலகி வழி விட்டாள்.

ராமேண ராமாப்யாம் ராமை:. பெரியம்மா வலது காலைத் தூக்கி வாசற்படிக்கு அந்தப் பக்கம் வைத்தாள். பெரியப்பா பக்கத்திலேயே நுழைந்தார்.

அவள் அவசரப்படவில்லை. கூடத்தில் நின்று சுற்றிலும் பார்த்தாள். தான் தண்ணீர் ஊற்றிய சுவரை ஒரு கையால் தொட்டுக்கொண்டே சமையலறைப் பக்கம் நடந்தாள். எனக்கோ கடைசி உருவமான ராமேஷுவோடு சரக்குத் தீர்ந்துவிட்டது. நிறுத்தாதே என்று சொல்லியிருக்கிறாளே. அடுத்த பாடமான ஹரி சப்தத்தைத் தொட்டேன். ஹரி: ஹரீ ஹரய: என்று கொஞ்ச தூரம் போய் வழி தெரியாமல் திரும்பி மறுபடி ராமனிடமே வந்தேன். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. ராமனுக்கு அப்புறம் ஹரி வந்ததில் அப்பாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. எங்கள் பாடத்திட்டத்தில் முதல் சொல்லாக 'பானை' என்றோ 'குதிரை' என்றோ வைத்திருந்தாலும் இவர்கள் கும்பிட்டிருப்பார்களா என்று பின்னால் பல தடவை யோசித்திருக்கிறேன்.

பெரியம்மா குடத்தை இறக்கி வைத்த கையோடு வெளியே மொபெட் சத்தம் கேட்டது. ஐயர் வேர்த்து விறுவிறுத்து வந்து இறங்கினார். இவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெரியம்மா வெளியே வந்து நிற்க வேண்டும், குடம் அத்தை இடுப்புக்குப் போய்விடும்.

அத்தை விடவில்லை. நேரே அவரிடம் போனாள். "சாமி, நீங்க வர்றதுக்குள்ள இந்தப் பொண்ணு மந்திரம் சொல்லி இவங்கள உள்ள இட்டுகினு பூட்டுச்சு. அது சொன்னது சரிதானான்னு நீங்களே கேட்டு சொல்லுங்க."

ஐயர் என்னைப் பார்த்தார். "சொல்லும்மா," என்றார். சொல்லிவிட்டு ஹோமத்துக்குச் செங்கல் அடுக்க உட்கார்ந்துவிட்டார்.

மறுபடி கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன். ராம: ராமௌ ராமா:. அவர் செங்கல்லை இப்படியும் அப்படியும் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வரிசைக்கு நடுவில் மணலைப் பரப்பினார். மூன்றாவது வரிசையில் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"போறும், போறும். எஜமானி உள்ள வந்தாச்சோல்லியோ? முகூர்த்தத்துக்குள்ளதானே? அப்புறம் என்ன, நெய் எங்கே? சமித்து எங்கே? எனக்குப் பூந்தமல்லியில இன்னொண்ணு இருக்கு."

அவ்வளவுதான். அவர் காதில் அது விழுந்ததா, விழுந்தும் தெரியாத மாதிரி இருந்தாரா, அடுத்த வீட்டு நேரம்தான் அவருக்கு முக்கியமா, இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ஐயர் முகத்தை நினைவுக்குக் கொண்டுவந்து பார்க்கிறேன், செங்கல் அடுக்குகிற முகம் மட்டும்தான் வருகிறது.

பெரியம்மா உள்ளேயிருந்து வந்து அத்தையின் கையைப் பிடித்தாள். "அண்ணி, பாலு நீங்க காய்ச்சுங்க. உங்க கையால பொங்கட்டும்," என்றாள். அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டே போய் அடுப்புப் பற்றவைத்தாள்.

விழா முடிந்த பிறகுதான் எனக்குக் கவலை பிடித்தது. பொய் மந்திரத்தில் குடிபுகுந்த வீட்டுக்கு என்ன ஆகும்? அவர்கள் வீட்டில் பல்பு ஃபியூஸ் போனால் என்னால்தானோ என்று இருக்கும். கிணற்றுத் தண்ணீர் ஒரு நாள் கலங்கி வந்தது, அதுவும் என் கணக்கில் சேர்ந்தது. கூடத்துச் சுவரில் மயிர்க்கோடாக ஒரு விரிசல் விட்டபோது, யாரும் இல்லாத நேரம் பார்த்து அதன் முன்னால் நின்று ராம சப்தத்தை இன்னொரு தடவை முழுக்கச் சொல்லிப் பார்த்தேன். விரிசல் அப்படியேதான் இருந்தது. பெரிதாகவும் இல்லை என்பதைக் குறித்துக்கொண்டேன்.

தாங்க முடியாமல் டீச்சரிடம் கேட்டேன். ராம சப்தத்தை மந்திரமாகச் சொல்லலாமா டீச்சர் என்று. ஏன் என்று கேட்டு நடந்ததைத் தெரிந்துகொண்டார். தெரிந்துகொண்டதும் அவருக்கு அடக்க முடியாத சிரிப்பு. பக்கத்து வகுப்பு டீச்சரைக் கூப்பிட்டு என்னை மறுபடி சொல்ல வைத்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம், படிக்காத ஜனங்க. உங்க பெரியம்மாவுக்கு எது மந்திரம் எது இலக்கணம்னு எப்படித் தெரியும்?" என்றார்.

நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். பெரியம்மாவை நினைத்தால் பாவமாகவும் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. பதினோரு வயதில் நமக்கு ஒரு விஷயம் தெரிந்து பெரியவர்களுக்குத் தெரியவில்லை என்றால் தலை கொஞ்சம் கனத்துவிடும் அல்லவா? எனக்கும் கனத்தது. அவளுக்குப் புரிய வைக்க வேண்டியது என் கடமை என்று தோன்றிவிட்டது.

பங்குனி வெயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருமுல்லைவாயிலுக்குப் போனேன். பெரியம்மா கூடத்தில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வீடு அமைதியாக இருந்தது. பெரியப்பா வெளியே போயிருந்தார். பின்பக்கம் மின்சார ரயில் போகிற சத்தம் வந்து அடங்கியது.

"பெரியம்மா, அன்னிக்கு நான் சொன்னது மந்திரமே இல்ல," என்றேன்.

அவள் முறத்தை நிறுத்தவில்லை. "அப்டியா?"

"அது பாடம். பரிட்சைக்குப் படிக்கிறது. ராமன், ராமனை, ராமனாலேன்னு அர்த்தம். அவ்ளோதான். டீச்சரே சொல்லிட்டாங்க."

"அதுக்கு எதுக்குடி டீச்சரு? எனக்குத் தெரியாதா?" அவள் ஒரு கல்லைப் பொறுக்கி ஜன்னல் வழியாக எறிந்தாள். "தெனம் காலைல நீ தப்புத் தப்பா சொல்லி, தலைல அட்சிகினு, மறுபடியும் மொதல்லேர்ந்து சொல்றத்த கேட்டுகினுதானே நான் சோறு வடிச்சேன். மந்திரத்த யாருனா அப்டி சொல்வாங்களா?"

தெருவில் எல்லாரும் ஏமாந்தார்கள், அப்பா ஏமாந்தார், அத்தை ஏமாந்தாள். இவள் ஒருத்திதான் ஏமாறவில்லை. டீச்சரும் நானும் சேர்ந்து இவளைத்தான் பாவம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

"அப்ப ஏன் என்னைச் சொல்லச் சொன்ன?"

"உங்க அத்த வாய அடைக்க வேற இன்னா இர்ந்துது எங்கிட்ட?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அரிசியைக் கையால் அளைந்தாள்.

"அது மட்டும் இல்லடி. அய்யரு வந்து சொல்லிட்டுப் பூடுவாரு. நீங்களும் வேற ஊட்டுக்குப் பூட்டீங்க. அப்பால இந்த ஊட்ல யாரு படிக்கப் போறா? ஒரு புள்ள ஒக்காந்து படிக்கிற சத்தம்தான் இங்க மொதல்ல கேக்கணும்னு எனக்கு ஆச. அந்த ஒரு தபானா கேக்கட்டுமேன்னு நெனச்சேன்."

சொல்லிவிட்டு மறுபடி புடைக்க ஆரம்பித்தாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது, ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது.

அடுத்த சனிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நான் அம்பத்தூர் வீட்டுக்குப் போகவில்லை. ரயிலேறித் திருமுல்லைவாயிலில் இறங்கினேன். புத்தகப் பையோடு உள்ளே நுழைந்த என்னைப் பெரியம்மா எதுவும் கேட்கவில்லை. கூடத்தைப் பெருக்கி ஒரு பாயை விரித்துப் போட்டுவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குரு சப்தத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். புதுப் பாடம், ஒவ்வொரு வார்த்தைக்கும் தடுக்கியது. கேட்டால் அவளுக்குச் சிரிப்பு வருமே என்று குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது.

"இன்னாடி முணுமுணுக்கற?" என்றாள் பெரியம்மா. "கத்திப் படி. தெருவுக்குக் கேக்கணும்."